திருத்தணியில் ரூம்... பூந்தமல்லி பக்கம் ராட்டினம்! குடும்பத்தோடு டூர் கிளம்பும் முன் ஒரு கணக்கு

திருத்தணி,

மின்சார ரெயில் வந்து நின்றதும் ஸ்டேஷன் வாசலில் ஒரு குரல் கேட்கும்.

"ரூம் வேணுமா சார்? ரூம் காவாலா? ஏ.சி. இருக்கு, சாதா இருக்கு, வென்னீர் இருக்கு!"

தமிழும் தெலுங்கும் கலந்த குரல். 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி ஆந்திராவில் இருந்து பிரிந்து, அன்றைய சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த ஊர் அல்லவா? லாட்ஜ் வாசலில் இரண்டு பாஷையும் புழங்கும்.

கையில் பெட்டி. இடுப்பில் குழந்தை. பின்னால் முழங்கால் வலியோடு பாட்டி. இந்தக் கோலத்தில் இறங்கும் குடும்பத் தலைவர், "எவ்வளவுப்பா?" என்று வாயைத் திறந்துவிட்டால் போதும். டூர் பணத்தில் பாதிக்கு அங்கேயே வழி பிறந்துவிடும்!

பாட்டிக்கு முருகன், பேரனுக்கு ராட்டினம்

கோடை லீவு விட்டால் பல வீடுகளில் ஒரே பஞ்சாயத்துதான். பிள்ளைகளுக்குத் தீம் பார்க் போக வேண்டும். பாட்டிக்கு முருகன் சன்னதியில் பேரனுக்கு மொட்டை போட வேண்டும். "அவ்வளவு தூரம் போயிட்டுத் திருப்பதி போகாம வர்றதா?" என்பது வீட்டுக்காரம்மாவின் கேள்வி.

மூன்று பேரும் சொல்வது நியாயம். ஆனால் சம்பளம் ஒன்றுதான்!

இப்படிப்பட்ட குடும்பத்துக்குத் தோன்றுகிற யோசனை இது:- சென்னையில் ரூம் வாடகை எகிறும். திருத்தணியில் ரூம் எடுத்துப் பெட்டியைப் போட்டுவிட்டு, ஒரு நாள் மலை, ஒரு நாள் திருப்பதி, ஒரு நாள் தீம் பார்க் என்று போய் வந்தால் என்ன?

யோசனை பாதி சரி. மீதிப் பாதியில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

தூரம் எவ்வளவு?

திருத்தணியில் இருந்து அரக்கோணம் சுமார் 13 கிலோ மீட்டர். சென்னை சுமார் 85 கிலோ மீட்டர். மறுபக்கம் நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி 70 கிலோ மீட்டருக்குள். சேலம், ஜோலார்பேட்டை பக்கம் இருந்து வருவோர் அரக்கோணத்தில் இறங்கி மின்சார ரெயிலையோ, பஸ்சையோ பிடித்தால் திருத்தணி வந்துவிடலாம்.

ஆக, ஊர் நடுவில்தான் இருக்கிறது. ஆனால் எந்தத் தீம் பார்க் என்பதில்தான் சூட்சுமம்.

குயின்ஸ்லாந்து இருப்பது பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூர் சாலையில், செம்பரம்பாக்கம் அருகே பழஞ்சூரில். திருத்தணியில் இருந்து திருவள்ளூர், திருமழிசை வழியாகப் போகலாம். சென்னை நகருக்குள் நுழையவே வேண்டாம். விடியற்காலை கிளம்பினால் கேட் திறக்கும் நேரத்துக்குப் போய், இரவு சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

வி.ஜி.பி.யும், எம்.ஜி.எம்.மும் அப்படி அல்ல. இரண்டும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கின்றன. 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லா, திருப்போரூர் அருகே இள்ளலூரில் இருக்கிறது. இவற்றுக்குத் திருத்தணியில் இருந்து போவதென்றால் சென்னையைக் குறுக்கே கடக்க வேண்டும். போக மூன்று மணி, வர மூன்று மணி என்று பிள்ளைகள் வேனிலேயே தூங்கி வழிவார்கள். தண்ணீரில் ஆட வேண்டிய நேரம் டிராபிக்கில் கரையும்.

எனவே பழஞ்சூர் என்றால் திருத்தணி ரூம் சரி. கடற்கரைச் சாலை என்றால், மலைத் தரிசனம் முடிந்ததும் திருத்தணி ரூமைக் காலி செய்துவிட்டு, ஒரு ராத்திரி அந்தப் பக்கமே தங்குவதுதான் லாபம்.

காலி ரூமுக்கு வாடகை!

திருப்பதியிலும் இதே கதைதான். 300 ரூபாய் சிறப்புத் தரிசன டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தவர்கள், காலையில் போய் இரவு திரும்பும் கணக்குப் போடலாம். டிக்கெட் இல்லாமல் இலவச தரிசன வரிசையில் நிற்பவர்களுக்கு நேரம் சொல்ல முடியாது. கூட்ட நாளில் ஒரு ராத்திரி அங்கேயே போய்விடும். குடும்பம் திருமலைக் கூண்டில் உட்கார்ந்திருக்க, திருத்தணியில் காலி ரூமுக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கும்!

அப்படிப்பட்டவர்கள் ரூமைக் காலி செய்துவிட்டு, பெட்டிகளை லாட்ஜ் ஆபீசிலேயே வைத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். வாடகை வேனில் போகிறவர்கள், வண்டிக்கு ஆந்திரா போக பர்மிட் இருக்கிறதா என்று டிரைவரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். எல்லையில் நின்று தலையைச் சொறிவதில் பயன் இல்லை.

மலிவு ரூம் மலிவா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகை எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

குடும்பத்தில் 6 பேர். 2 ராத்திரி. ஊருக்கு வெளியே ஒரு ரூம் 800 ரூபாய். ஸ்டேஷனுக்கும் மலைப் பாதைக்கும் நடுவில் ஒரு ரூம் 1,200 ரூபாய். "400 ரூபாய் மிச்சம்" என்று 800 ரூபாய் ரூமுக்குப் போகிறார் குடும்பத் தலைவர்.

2 நாள் வாடகை 1,600 ரூபாய். கூடுதல் பாய், தலையணைக்கு நாளுக்கு 100 வீதம் 200 ரூபாய். ஆட்டோ 4 தடவை, 120 வீதம் 480 ரூபாய். வென்னீர் வாளி 30 ரூபாய் வீதம் 6 பேருக்கு 2 நாளும் 360 ரூபாய். ஆக மொத்தம் 2,640 ரூபாய்.

பாயும் வென்னீரும் வாடகையிலேயே அடக்கம், நடக்கிற தூரம் என்றால் 1,200 ரூபாய் ரூமுக்கு 2 நாளும் சேர்த்து 2,400 ரூபாய்தான். மிச்சம் பிடிக்கப் போனவருக்கு 240 ரூபாய் நஷ்டம்!

பில்லில் வரியையும் கவனிக்க வேண்டும். நாளுக்கு 1,000 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு 2022 ஜூலை 18-ந் தேதிக்கு முன்பு ஜி.எஸ்.டி. கிடையாது. அதன்பிறகு 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு 5 சதவீதம் என்று குறைக்கப்பட்டது. பழைய 12 சதவீதத்தை யாராவது போட்டால் தட்டிக் கேட்கலாம். ஜி.எஸ்.டி. பதிவு எண் இல்லாத சின்ன லாட்ஜ், வரி என்று தனியாக வசூலிக்கக் கூடாது.

கேட்க வேண்டியவை

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை வருமாறு:-

வாடகை 24 மணி நேரத்துக்கா, பகல் 12 மணி வரைக்கா? இரவு 10 மணிக்கு வந்து இறங்குகிறவருக்கு இரண்டுக்கும் ஏகப்பட்ட வித்தியாசம்.

6 பேர் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். மறைத்துவிட்டு ராத்திரி தகராறு செய்வதில் அர்த்தம் இல்லை.

பாட்டி இருந்தால் தரைத்தளத்தில் ரூம் உண்டா? மலையில் ஏறுவதற்கு 365 படிகள் இருக்கின்றன. மேலே போக வாகனப் பாதையும் உண்டு. கோவிலில் படியைத் தவிர்த்த பாட்டியை லாட்ஜில் மூன்று மாடி ஏற விடுவதா?

ரூமைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்க்க வேண்டும். குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். ஜன்னலுக்குக் கொக்கி இருக்கிறதா, பாத்ரூம் கதவு சாத்துகிறதா என்பதைப் பெண்களே பார்ப்பது நல்லது. கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்பது கவுரவக் குறைச்சல் அல்ல.

ஆதார் கேட்டால் கோபப்பட வேண்டாம். தங்குகிறவர் யார் என்று பதிவேட்டில் எழுதாமல் ரூம் தருகிற இடத்தில்தான் பயப்பட வேண்டும்.

போனில் வரும் மோசடி

ஸ்டேஷன் வாசல் புரோக்கரிடம் போவது கமிஷன்தான். போனில் வருகிறவன் மொத்தத்தையும் சுருட்டிவிடுவான். திருமலை தேவஸ்தானத்தின் பெயரிலேயே போலி இணையதளங்கள் பிடிபட்டிருக்கின்றன. "கடைசி ரூம் சார், உடனே பணம் அனுப்புங்க" என்று அவசரப்படுத்தினால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும்.

திருத்தணி கோவில் நிர்வாகத்துக்கும் தங்கும் விடுதிகள் உண்டு. புரோக்கரைக் கேட்கும் முன் கோவில் அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது.

இந்த நாட்களில் வேண்டாம்!

ஆடிக் கிருத்திகைக்கு மலர்க் காவடிகளோடு இரு மாநிலக் கூட்டமும் ஊரை அடைத்துவிடும். சரவணப் பொய்கையில் தெப்பம் நடக்கும். டிசம்பர் 31-ந் தேதி ராத்திரி படித் திருவிழாக் கூட்டம். மாதக் கிருத்திகை, முகூர்த்த நாட்களிலும் ரூம் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் சொன்னதுதான் வாடகை. முன்பதிவு இல்லாமல் அன்று வந்தால், ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார வேண்டியதுதான்.

தீம் பார்க்கில் தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட். அதில் பேரம் கிடையாது. ரெயில் டிக்கெட்டிலும் கிடையாது. குடும்பத் தலைவர் யோசித்துக் குறைக்கக்கூடிய ஒரே செலவு ரூம்தான். அதைத்தான் அவர் ஸ்டேஷன் வாசலில், தோளில் பெட்டி கனக்க, அரை நிமிடத்தில் முடிவு செய்கிறார்.

அந்த முடிவை வீட்டில், காப்பி குடித்துக்கொண்டே, பாட்டியையும் கேட்டுச் செய்தால் பிள்ளைகளுக்கு இன்னொரு ஐஸ்கிரீம் வாங்கப் பணம் மிஞ்சும். ராட்டினத்தில் ஆடிவிட்டு வந்த பேரனும், படியேறி வந்த அப்பாவும், மூட்டு வலிக்காரப் பாட்டியும் ராத்திரி நிம்மதியாகக் கண்ணை மூடுவார்கள்.