நம் முற்றத்து மலர்கள்

வைகறையிற் பூக்கொய்து இறைவனுக்குச் சாத்தும் வழக்கமுடைய நாம், மலர்களின் நிறத்தையும் மணத்தையும் நன்கறிவோம். ஆயின், அவற்றின் உறுப்புகள் யாவை, பிறப்பிடம் யாது, பெயர் எவ்வாறு அமைந்தது என ஆராய்வார் நம்முட் சிலரே. நான்கு மலர்களை மாத்திரம் ஈண்டு நோக்குவாம்.

மலரின் உறுப்புகளைக் கற்கப் புகும் மாணவனுக்குச் செவ்வரத்தை மிகவும் ஏற்றது. புறத்தே பச்சைநிறப் புல்லிகள் ஐந்து; அகத்தே அல்லிகள் ஐந்து. நடுவே நீண்டு நிற்பது, கேசரங்கள் பலவற்றின் தாள்கள் ஒன்றுகூடி அமைந்த குழாயாகும். சூலகத்திலிருந்து அக்குழாயினூடே எழும் தம்பம், நுனியில் ஐந்தாகக் கிளைத்துக் குறிகளைத் தாங்கும். அடுக்குச் செவ்வரத்தையிலோ கேசரங்கள் பல இதழ்களாக மாறியுள்ளன. சுவீடன் தேயத்து அறிஞர் லின்னேயசு 1753ஆம் ஆண்டில் இதற்கு வழங்கிய இலத்தீன் பெயரில் 'சீனத்து ரோசா' என்னும் பொருள் அமைந்துள்ளது.

வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சூரியகாந்தியை நாம் ஒரு பூவென்கிறோம். உண்மையில் அது நூற்றுக்கணக்கான சிறுபூக்களின் கூட்டம். விளிம்பில் இதழெனத் தோன்றும் ஒவ்வொன்றும் தனிப்பூவே. அவை வித்தீனா, வண்டினங்களை அழைப்பதே அவற்றின் தொழில். நடுவிலுள்ள சிறுபூக்களே வித்துகளைத் தருவன.

போகன்வில்லாவும் நம் கண்ணை மயக்குவதே. கடதாசிபோல் மெலிந்து நிறம்பெற்று விளங்குவன இதழ்களல்ல, பூவடியிலைகள். அவற்றிடையே குழாய்போல் நிற்கும் சிறியனவே பூக்கள். பிரான்சு நாட்டுத் தாவரவியலறிஞர் கொமர்சன் இதனை 1767இல் பிரேசிலிற் கண்டார். அவர் சென்ற கடற்பயணத்தின் தலைவரான போகன்வில்லின் பெயரே இதற்கு வாய்த்தது.

இறுதியாக, நித்தியகல்யாணி எனப்படும் பட்டிப்பூ. மடகஸ்கார்த் தீவிற் பிறந்த இச்செடி நம் மதில் வெடிப்பிலும் தானே முளைப்பதால், வேண்டாதது எனப் பிடுங்கி எறியப்படுகின்றது. ஆனால், கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் நோபிள், பியர் ஆகிய இருவரும் இதிலிருந்து புற்றுநோயை எதிர்க்கும் வின்பிளாஸ்ரீன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து 1958இல் வெளியிட்டனர். பின்னர் இதே செடியிலிருந்து கிடைத்த வின்கிறிஸ்ரீன், சிறுவரின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் மருந்தாகின்றது. எனினும் செடி நச்சுத்தன்மையுடையது. தாமாகவே அரைத்துக் குடிப்பது பெருந்தீங்காகும்.

மாணவர்காள்! ஏட்டிலுள்ள படத்தைப் பார்த்து வரைவது போதாது. ஒரு செவ்வரத்தையை நெடுக்காகப் பிளந்து, சூலகத்துள் நிரைநிரையாயிருக்கும் சூல்வித்துகளை நீங்களே காணுங்கள். அங்ஙனம் கண்டறிந்தது பரீட்சை முடிந்த பின்னரும் உங்களிடம் நிலைத்திருக்கும்.