லேத் சரி, தரை?

குஜராத்தின் ராஜ்கோட்டில் லேத் தயாரிப்பவர்களும் உண்டு, அதை வாங்கிக் கடைசல் வேலை செய்யும் சின்னப் பட்டறைகளும் ஏராளம். புது மெஷின் வந்தால் குங்குமம், தேங்காய், இனிப்பு. அப்புறம் நேராக உற்பத்தி. நடுவே பல பட்டறைகளில் விட்டுப்போவது சில மணி நேர வேலை: மெஷினை மட்டம் பார்த்து நிறுத்துவது.

விளைவு மைக்ரோமீட்டரில் தெரியும். லேத்தின் பெட் ஒரு முனையைவிட மறுமுனையில் குறுக்குவாட்டில் மீட்டருக்கு 0.1 மி.மீ. கூடுதலாகச் சாய்ந்திருந்தால் போதும். மைய உயரம் 200 மி.மீ. உள்ள லேத்தில் வெட்டுளி 0.02 மி.மீ. விலகும், நீளத் தண்டின் விட்டம் முனைக்கு முனை 0.04 மி.மீ. மாறும். பேரிங் மாட்டும் 40 மி.மீ. தண்டுக்கு கே6 தரத்தில் சலுகை மொத்தமே 0.016 மி.மீ. சரக்கு திரும்பி வரும். கூலி கிடைக்காது. திட்டு டர்னருக்கு.

உண்மையில் மட்டத்தைவிட முக்கியம், பெட்டில் முறுக்கு இல்லாதிருப்பது. கப்பல் பட்டறையிலும் லேத் ஓடுகிறது. அலையில் ஏது மட்டம்? முறுக்கைப் பிடிக்கச் சுலபமான கருவி ரசமட்டம், அவ்வளவுதான். கொத்தனாருடையது உதவாது; மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டுவது வேண்டும். பெட்டின் இரு முனையிலும் குறுக்கே வைத்து, குமிழி ஒரே இடத்தில் நிற்கும்வரை அடி ஸ்க்ரூக்களைத் திருக வேண்டும். ஃபவுண்டேஷன் போல்ட்டை இறுக்கியபின் மறுபடி பார்ப்பது அவசியம். அந்த போல்ட்டே பெட்டை இழுத்து முறுக்கிவிடும். கடைசித் தீர்ப்பு சோதனைத் தண்டுடையது: டெயில்ஸ்டாக் தாங்கல் இல்லாமல் சக்கில் மட்டும் பிடித்து, இரண்டு வளையம் கடைந்து விட்டத்தை ஒப்பிடுவார்கள்.

சௌராஷ்டிராவின் பல பகுதிகளில் இன்னொரு வில்லன் கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். மெல்லிய கான்கிரீட் தளமும் கூடவே ஆடும். மே மாத மட்டம் ஆகஸ்டில் இருக்காது. தனி அஸ்திவாரம் போடலாம்தான். வாடகை ஷெட்டில் தரையைத் தோண்ட எந்த உரிமையாளர் விடுவார்? விட்டாலும், கான்கிரீட் பலம் பெற 28 நாள் காத்திருக்க ஆர்டர் விடாது. பக்கத்து ஷெட்டில் ஃபோர்ஜிங் சுத்தியல் இருந்தால் கேட்கவே வேண்டாம். அதன் அஸ்திவாரம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 2974 ஒரு தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறது.

தோண்ட வழியில்லாதவர்களுக்குக் கைகொடுப்பது ஸ்க்ரூ வைத்த ரப்பர் பேடுகள். நடுத்தர லேத்துக்கு அது போதும். ஆனால் பாரத்தில் ரப்பரும் மெல்ல அமுங்கும். நிறுத்திய சில வாரங்களில் ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, ரசமட்டத்தை மறுபடி வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது.