ஈஸ்ட்ரோஜனும் கருப்பையின் உட்படலமும்

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது நம் முன்னோர் வாக்கு. ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனுக்கு இவ்வாக்கு எத்துணைப் பொருத்தம் என்பதை, விலங்கியல் பயிலும் மாணவி என்ற முறையில் இங்கு விளக்க முற்படுகிறேன்.

இயற்கையின் ஏற்பாடு

சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், மாதந்தோறும் கருப்பையின் உட்படலத்தைத் தடிக்கச் செய்கிறது. எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்து மக்காச்சோளக் கொல்லைக்கு யூரியா எப்படியோ, உட்படலத்திற்கு இந்த ஹார்மோன் அப்படி. முட்டை வெளிப்பட்டபின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் அவ்வளர்ச்சிக்கு அணை கட்டுகிறது. கரு தங்காவிடில் இரண்டும் குறைய, படலம் உதிர்கிறது. இதுவே மாதவிலக்கு.

மருந்தும் அளவும்

மாதவிலக்கு நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் வற்றுகிறது. உடம்பு திடீரெனக் கொதிக்கிறது, இரவில் வியர்த்துக் கொட்டுகிறது, உறக்கம் கெடுகிறது, நாளடைவில் எலும்பும் வலுவிழக்கிறது. இக்குறையை மருந்தால் ஈடுசெய்வதே ஹார்மோன் ஈட்டுச் சிகிச்சை. சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த பிரிமாரின் என்னும் மாத்திரை 1942இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பல்லாண்டுகள் அங்கே ஈஸ்ட்ரோஜனைத் தனியாகவே கொடுத்து வந்தனர். அணையில்லாத வெள்ளம் என்ன செய்யும்? 1975 டிசம்பரில் வெளியான இரண்டு ஆய்வுகள், அதை உண்ட பெண்களுக்கு உட்படலப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.5 மடங்கு, 7.6 மடங்கு என உயர்ந்திருப்பதைக் காட்டின.

1996இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் தெளிவானது. நாளொன்றுக்கு 0.625 மில்லிகிராம் ஈஸ்ட்ரோஜனைத் தனியே மூன்றாண்டு உண்டவர்களுள் சுமார் 62 விழுக்காட்டினருக்கு உட்படலம் மிகையாகத் தடித்தது. புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்த்து உண்டவர்களுக்கோ, வெற்று மாத்திரை உண்டவர்களைப் போலவே இருந்தது. அளவும் ஆண்டும் ஏற ஏற ஆபத்தும் ஏறும். 0.3 மில்லிகிராம் ஆயினும், தனியே நெடுநாள் உண்பது பாதுகாப்பன்று.

ஆகவே கருப்பை உள்ள பெண்ணுக்கு இரண்டாம் ஹார்மோனை நாள்தோறுமோ, மாதத்தில் 12 முதல் 14 நாள்களோ சேர்த்தே தருகின்றனர். கருப்பையை அகற்றியவருக்கு உட்படலமே இல்லையாதலால் பொதுவாக அது வேண்டியதில்லை. ஆயினும் கூட்டு மருந்தை உண்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் சற்று மிகுவதை 2002இல் கண்டறிந்தனர். எனவே யாருக்கு, எவ்வளவு, எத்தனை ஆண்டு என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

நம் கடமை

விலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் இரத்தம் கண்டால், "வயதான காலத்தில் இதை யாரிடம் சொல்வது?" என்று மறைக்கும் தாய்மார்களை எங்கள் ஊர்களில் நான் அறிவேன். மாத்திரை உண்டாலும் உண்ணாவிட்டாலும், அது உடனே காட்ட வேண்டிய அறிகுறி. ஸ்கேனில் படலம் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் சிறு துணுக்கெடுத்துச் சோதிப்பார்கள். தொடக்கத்தில் கண்ட நோய் பெரும்பாலும் குணமாகும். பெரம்பலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை உண்டு. அரியலூரில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. கூச்சத்தைப் போக்கி அன்னையரை அங்கே அழைத்துச் செல்வது, படித்த பிள்ளைகளாகிய நம் கடமையன்றோ!