பள்ளுருத்தியின் மூன்றாவது ஓட்டு

மேற்குக் கொச்சியைச் சேர்ந்த பள்ளுருத்தி, 1957 முதல் அரை நூற்றாண்டுக் காலம் தன் பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதியாக இருந்து, 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறையால் கொச்சி, திருப்பூணித்துறை ஆகிய இரு தொகுதிகளுக்குள் பிரிந்துபோனது. கேரளத்தை மாறி மாறி ஆண்டுவந்த இடது ஜனநாயக முன்னணிக்கும் ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கும் வெளியே விழும் ஓட்டு என்ன ஆகிறது என்பதை அறிய, இவ்விரு தொகுதிகளின் 2021 முடிவுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

கொச்சியில் மார்க்சிஸ்ட் வேட்பாளர் கே.ஜே. மேக்சி 54,632 ஓட்டும் காங்கிரஸின் டோனி சம்மணி 40,553 ஓட்டும் பெற, கிழக்கம்பலம் ஊராட்சியை 2015இல் கைப்பற்றிப் பெயர்பெற்ற ட்வென்டி 20 கட்சி 19,676 ஓட்டுடன் மூன்றாவதாக வந்தது. திருப்பூணித்துறையில் காங்கிரஸின் கே. பாபு, மார்க்சிஸ்ட் வேட்பாளர் எம். ஸ்வராஜை வெறும் 992 ஓட்டில் வென்றார். மூன்றாமிடம் பெற்ற பாஜகவுக்கோ இருபதாயிரத்துக்கும் மேல். இரண்டு இடங்களிலும் மூன்றாமவரின் ஓட்டு வெற்றி வித்தியாசத்தைவிட அதிகம். வென்ற இருவரில் எவரும் பதிவான ஓட்டில் பாதியைத் தொடவில்லை. எனினும், மற்ற எவரையும்விட ஓர் ஓட்டுக் கூடினாலே வெற்றி என்பது இங்குள்ள விதி.

தோற்ற அணி மூன்றாமவரை ‘ஓட்டைப் பிரித்தவர்’ என்று ஏசுவது வழக்கம். அந்த ஓட்டு முதலில் தன்னுடையதாக இருந்தது என்ற நினைப்பே அதற்கு அடிப்படை. வாக்குப்பதிவு இயந்திரம் ஒரே ஒரு பொத்தானை மட்டும் ஏற்பதால், ட்வென்டி 20க்கு ஓட்டளித்தவரின் அடுத்த விருப்பம் யார் என்பது எங்கும் பதிவாவதில்லை. ஆகவே அந்த ஏச்சை மெய்ப்பிக்கவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை.

அடுத்த விருப்பத்தையும் கேட்கும் முறை இந்தியாவுக்குப் புதிதன்று. மாநிலங்களவைத் தேர்தலில் மேக்சி, பாபு போன்று சட்டமன்றத்துக்குத் தேர்வாகும் உறுப்பினர்கள் தேர்தல் ஆணையம் தரும் ஊதா நிறப் பேனாவால் வேட்பாளர் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று எண்ணிட்டே வாக்களிக்க வேண்டும். கழிக்கப்பட்டவரின் ஓட்டு அடுத்த எண்ணுக்குரியவருக்குச் சென்று சேரும். 1969இல் வி.வி. கிரி குடியரசுத் தலைவரானது இத்தகைய இரண்டாம் விருப்ப எண்ணிக்கையால்தான். உறுப்பினருக்கு உள்ள இந்த வசதி, அவரைத் தேர்ந்தெடுத்த பள்ளுருத்தி வாக்காளருக்கு இல்லை.

1949 சனவரியில், அரசியல் நிர்ணய சபையில் இதைவிட ஒரு படி மேலே போய், கட்சிகள் பெறும் ஓட்டின் அளவுக்கேற்ப இடங்களைப் பங்கிடும் விகிதாசார முறை கோரப்பட்டபோது, எழுத்தறிவின்மையையும் அரசுகள் நிலைகுலையும் அபாயத்தையும் சுட்டி அம்பேத்கர் அதை மறுத்தார். முதற்காரணம் இன்றைய கேரளத்துக்குப் பொருந்தாது. விகிதாசார முறையை ஓரளவு கலக்கலாம் என்று சட்ட ஆணையம் 1999இல் தந்த 170ஆம் அறிக்கையும், நடப்பு விதியால் வென்றவர்களே அதைத் திருத்த வேண்டியிருப்பதால், அலமாரியிலேயே உறங்குகிறது.

விருப்ப எண்களை இட வாக்குப்பதிவு இயந்திரம் இடம்தராது என்பது சொத்தை வாதம். இதே எர்ணாகுளம் மாவட்டத்தின் பறவூரில் 1982இல் முதன்முதலாக அந்த இயந்திரம் பயன்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984இல் தடுத்தது. பின்னர் இயந்திரத்துக்காகச் சட்டமே திருத்தப்பட்டது.

இலங்கையின் அனுபவம் வேறொரு தடையைக் காட்டுகிறது. 2024 அதிபர் தேர்தலில், அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக, விருப்ப ஓட்டுகள் எண்ணப்பட்டபோது, மூன்றாமிடம் பெற்ற ரணில் ஒருவரே 22 லட்சத்துக்கு மேல் பெற்றுக் கழிந்திருந்தும், முதலிரு இடங்களில் இருந்தவர்களில் அநுரவுக்கு 1,05,264 ஓட்டும் சஜித்துக்கு 1,67,867 ஓட்டும் மட்டுமே வந்து சேர்ந்தன. மற்ற வேட்பாளர்களுக்கு ஓட்டளித்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் இவ்விருவருக்கும் எந்த எண்ணையும் இட்டிருக்கவில்லை.