பெருமரமும் அதன் வழித்தோன்றலும்

கண்டி மாநகருக்கு வடகிழக்கே, மடுல்கெல்லவின் தேயிலைச் சரிவுகளில் நின்று மேலே நோக்குவோர்க்கு, மடக்கிய கையின் விரற்கணுக்களைப் போன்று சில சிகரங்கள் அணிவகுத்து நிற்பது தோன்றும். அத்தோற்றங் கண்டே ஆங்கிலேயர் அம்மலைத்தொடருக்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டனர். சிங்கள மக்கள் அதனைத் தும்பறை மலை என வழங்குவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், பின்னர் தேயிலைக்காகவும் கீழ்ச்சரிவுகளின் காடு அழிந்தது. 1873ஆம் ஆண்டில், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாது என்று தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் ஆலோசனை கூறினார். மேற்காடு எஞ்சியதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று அக்காட்டினுள் நடந்து செல்வோர், அண்ணாந்து பார்க்கவேண்டிய பெருமரங்களைக் கண்டு வியக்கின்றனர். சற்றே குனிந்து நிலத்தையும் பார்ப்பாராயின், வேறொரு செய்தியும் புலனாகும்.

பல இடங்களில் மரங்களின் அடியில் ஏலச்செடிகள் நிற்கின்றன. ஏலம் நிழலை விரும்பும் பயிர். ஆதலின் அதனைப் பயிரிட்டோர் பெருமரங்களை வெட்டவில்லை. அவற்றின் கீழ் முளைத்த கன்றுகளையும் புதர்களையுமே களைந்தனர். ஏலக்காயை உலர்த்தும் சூளைகளுக்கு விறகும் காட்டிலிருந்தே வந்தது. தொலைவில் நின்று பார்த்தால் காடு குறைவின்றித் தோன்றும். உள்ளேயோ, முதியோர் மட்டும் வாழும் வீட்டைப் போல, அடுத்த தலைமுறை அற்றுப்போயிருக்கும். முதுமரம் ஒன்று காற்றில் சாய்ந்தால், அவ்விடத்தை நிரப்பக் கன்று இல்லை.

உலகப் புகழ்பெற்ற பெருமரக் காடுகளுக்கும் இக்குறை நேர்ந்ததுண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1890ஆம் ஆண்டில் செக்கோயா தேசியப் பூங்கா நிறுவப்பட்டது. அங்குள்ள ஜெனரல் ஷெர்மன் என்னும் மரம் ஏறக்குறைய 275 அடி உயரமுடையது. வீடுபோல் அமைந்த ஊர்திகளில் குடும்பத்துடன் சென்று, அம்மரங்களினூடே நடந்து மகிழ்வோர் பலர். மரங்களைக் காக்கும் நோக்கத்துடன் அங்கே நெடுங்காலம் தீயை அறவே தடுத்தனர். ஆனால் அம்மரத்தின் காய்கள் தீயின் வெம்மையில்தான் பெருமளவில் விரிந்து விதை சிந்தும். விதை முளைக்க வெறுமண்ணும் வெயிலும் வேண்டும். தீ தடுக்கப்படவே கன்றுகள் அருகின. 1960களின் பிற்பகுதியிலிருந்து அதிகாரிகள் தாமே அளவறிந்து சிறு தீ மூட்டலாயினர்.

அந்த முறை தும்பறைக்குப் பொருந்தாது. இங்கே தீ காட்டின் பகை. இங்கு வேண்டுவது கன்றுகளை வளரவிடும் பொறுமையே. 2000ஆம் ஆண்டில் இக்காடு பாதுகாக்கப்பட்ட வனமாயிற்று. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாட்டுடன் சேர்த்து உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. இம்மலையின் ஓடைகளே ஹுலு கங்கை முதலிய ஆறுகளாய் மகாவலியை அடைந்து, தாழ்நிலத்து வயல்களையும் வாழ்விக்கின்றன.

ஆகவே, மலையேறுவோர் வழியை விட்டு விலகாது நடத்தல் நன்று. பாதையோரத்தில் இரண்டே இலையுடன் நிற்கும் முளை அற்பமானதன்று. இன்று வானளாவி நிற்கும் மரமும் ஒருகால் அவ்வளவினதாகவே இருந்தது.