உடம்பு தேறிடுச்சு, பையன் ஏன் இன்னும் பழைய பையனா இல்ல?

(ஒலிபரப்பான எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

வழக்கமா இங்க கோடிங், சர்வர், வேலை மாற்றம்னு பேசுவோம். இன்னைக்கு அது எதுவும் இல்ல. பெரிய நோய்ல இருந்து மீண்டு வந்த ஒரு பிள்ளை, அதுவும் பதிமூணு பதினாலு வயசுப் பிள்ளை, வீட்டுக்கு வந்தப்புறம் வேற ஆளா நடந்துக்கிட்டா அதை எப்படிப் புரிஞ்சுக்கறதுங்கறதுதான் இன்னைக்கு விஷயம்.

நான் டாக்டர் இல்ல. எங்க அக்கா பையன் வழியாத்தான் இது எனக்குத் தெரிய வந்துச்சு. போன வருஷம் அவனுக்கு 14 வயசுல மூளையில அழற்சி வந்து ஆறு வாரம் ஆஸ்பத்திரியில இருந்தான். அவன்கிட்டயும் அக்காகிட்டயும் கேட்டுட்டுத்தான் பேசறேன். "பேர் மட்டும் சொல்லாதீங்க மாமா"ன்னான். அதனால பேர் இல்ல, ஊரும் இல்ல.

நோய் என்ன?

நம்ம ஊர்ல 'மூளைக்காய்ச்சல்'னு ஒரே வார்த்தையில ரெண்டு விஷயத்தைச் சொல்லுவோம். மூளையைச் சுத்தியிருக்கற உறையில வர்ற அழற்சி ஒண்ணு. மூளைத் திசுவிலேயே வர்ற அழற்சி இன்னொண்ணு. ரெண்டாவதை டாக்டர்கள் என்செஃபலைட்டிஸ்னு சொல்றாங்க. அது வைரஸால வரலாம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நமக்குப் புதுசு இல்ல, இந்தியாவுல அது முதல்ல கண்டறியப்பட்டதே 1955-ல் வேலூர்ப் பக்கம்தான். இல்லைன்னா உடம்போட நோய் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தப்பா தாக்கறதாலயும் வரலாம்.

எங்க பையனுக்கு வந்தது இந்த ரெண்டாவது வகை. என்எம்டிஏ ஏற்பி மூளை அழற்சின்னு சொல்லலாம். ஜோசப் டால்மாவ்ங்கற நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவும் 2007-ல்தான் இதைத் தெளிவா அடையாளம் கண்டாங்க. மூளை செல்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்க உதவற ஏற்பிகள் மேல எதிர்ப்பொருள்கள் போய் ஒட்டிக்கும். ஒட்டினதும் அந்த ஏற்பிகள் செல்லோட மேற்பரப்புல குறைஞ்சிடும். தூக்கம் போகும், சந்தேகம் வரும், சம்பந்தமில்லாத பேச்சு வரும், அப்புறம் வலிப்பு. ஆரம்பத்துல பார்க்கறவங்களுக்கு இது மனநோய் மாதிரியே இருக்கும். எங்க அம்மா திருஷ்டி சுத்திப் போட்டாங்க. நல்ல வேளையா அக்கா அதே நாள்ல ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போயிட்டா.

இதுல நல்ல சேதியும் உண்டு. எதிர்ப்பொருள்கள் குறைஞ்சா ஏற்பிகள் திரும்ப வரும். 577 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வு 2013-ல் வந்துச்சு. ரெண்டு வருஷ முடிவுல 81 சதவீதம் பேர் நல்ல நிலையில இருந்தாங்க.

இந்த 'நல்ல நிலை'யை எப்படி அளந்தாங்கன்னு பாருங்க. அதுக்கு ஒரு அளவுகோல் இருக்கு. நடக்கறானா, தன் வேலையைத் தானே பார்த்துக்கறானா, அடுத்தவங்க உதவி வேணுமான்னு அது கேக்கும். ஹோம்வொர்க் பாதியில தட்டைத் தூக்கி எறியறானா, தங்கச்சிகிட்ட எப்படிப் பேசறான்னு அது கேக்காது. டிஸ்சார்ஜ் பேப்பர்ல 'நலம்'னு எழுதியிருக்கும்போதே வீட்ல யாரும் நலமா இல்லாம இருக்கறது இதனாலதான். ரெண்டுமே உண்மை.

ஒரே கோபம், நாலு காரணம்

வீட்டுக்கு வந்த ரெண்டாவது வாரத்துல இருந்து கெட்ட வார்த்தை, கதவை அறையறது, சாப்பிட்ட அரை மணி நேரத்துல திரும்பப் பசின்னு கத்தறது. அக்கா வீட்டுக்காரர், "ஆறு வாரம் எல்லாரும் தாங்கு தாங்குன்னு தாங்கினோம்ல, செல்லம் ஜாஸ்தியாயிடுச்சு"ன்னார். அக்கா, "அவன் இன்னும் நோயாளிங்க"ன்னா. ரெண்டு பேரும் பேசறதையே நிறுத்திட்டாங்க.

ரெண்டு பேர் சொன்னதுலயும் ஒரு பகுதி இருந்துச்சு. ஆனா காரணம் ரெண்டு இல்ல, நாலு. நாலுக்கும் செய்ய வேண்டியது வேற வேற.

முதல் காரணம், ஆறிக்கிட்டிருக்கற மூளை. நெற்றிக்குப் பின்னாடி இருக்கற முன்மூளைதான் 'இதைச் சொல்லாதே, கொஞ்சம் பொறு'ன்னு பிரேக் போடற இடம். யாருக்குமே அது முழுசா முதிர இருபத்தஞ்சு வயசு வரைக்கும் ஆகும். இந்த நோய்ல கடைசியாத் திரும்பறதும் இதே திறமைகள்தான்: திட்டமிடறது, பொறுமை, இடம் பார்த்துப் பேசறது. நடை, பேச்சு, சாப்பாடு முதல்ல சரியாகும். மத்ததுக்கு மாசக்கணக்கு, சில பேருக்கு ஒன்றரை ரெண்டு வருஷம் கூட ஆகும்.

ரெண்டாவது, மருந்து. வலிப்பு வராம இருக்கக் கொடுக்கற லெவெடிரசிட்டம் நல்ல மருந்து, நிறைய பேருக்கு ஒரு தொந்தரவும் தராது. ஆனா சில பேருக்கு எரிச்சலும் ஆக்ரோஷமும் வரும். இது மருந்து அட்டைப் பெட்டியில இருக்கற தாள்லயே போட்டிருக்கும். ஸ்டீராய்டு பசியைத் தூண்டும், தூக்கத்தைக் கெடுக்கும், மனநிலையை மேலயும் கீழயும் இழுக்கும்.

மூணாவது, வயசும் அவன் பட்டதும். நோய் இல்லைன்னாலும் 14 வயசுல கதவை அறைவாங்க. அதோட இவனுக்கு ஆஸ்பத்திரி நாட்கள் கிட்டத்தட்ட ஞாபகமே இல்ல. இந்த நோய் வந்தவங்களுக்கு இது சகஜம். அவன் கட்டிலோட கட்டிப் போடப்பட்டதை அக்கா பார்த்தா. அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம், ஒரு நாள் முழிச்சப்போ காலாண்டுப் பரீட்சை முடிஞ்சிருந்துச்சு, நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்ல அவனைப் பத்தி மீம் ஓடிக்கிட்டிருந்துச்சு. வீட்ல எல்லாரும் அவனைப் பயத்தோட பார்க்கறாங்க, ஏன்னு அவனுக்குத் தெரியல.

நாலாவது, நோய் திரும்பறது. அதே 2013 ஆய்வுல ரெண்டு வருஷத்துக்குள்ள திரும்பற வாய்ப்பு 12 சதவீதம். குறைவுதான், ஆனா நடத்தை மாற்றம்தான் அதோட முதல் அடையாளமா இருக்கலாம்.

முதல் காரணத்துக்கு நேரமும் ஓய்வும் வேணும். ரெண்டாவதுக்கு மருந்துச் சீட்டைத் திரும்பப் பார்க்கணும். மூணாவதுக்குப் பேச்சு வேணும், விதிகளும் வேணும். நாலாவதுக்கு உடனே ஆஸ்பத்திரி. எதுன்னு தெரியாம அடிச்சாலும் தப்பு, எல்லாத்தையும் 'பாவம் விடு'ன்னு விட்டாலும் தப்பு.

தினசரி காலண்டர்

எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? எங்க வேலையில ஒரு பிரச்சினை திரும்பத் திரும்ப வந்தா முதல்ல லாக் பார்ப்போம். அக்காகிட்ட அந்த வார்த்தை எதுவும் சொல்லல. "தினசரி காலண்டர் கிழிக்கறல்ல, தாளைத் தூக்கிப் போடாதே. பின்னாடி நாலு விஷயம் எழுது. கோபம் வந்த நேரம், அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, மாத்திரை கொடுத்த நேரம், முந்தின ராத்திரி எவ்வளவு நேரம் தூங்கினான். அவ்வளவுதான்"னேன்.

மூணு வாரம் எழுதினா. பெரும்பாலான சண்டை சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழுக்குள்ள. ஸ்கூல் முடிஞ்சு நேரா டியூஷன் போயிட்டு வந்த நாட்கள்ல ரொம்ப மோசம். ஞாயித்துக்கிழமை கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. மூளைக் காயத்துக்கு அப்புறம் வர்ற களைப்பு நம்ம களைப்பு மாதிரி இல்ல. கொட்டாவி விட மாட்டாங்க, எரிஞ்சு விழுவாங்க. டியூஷனை நிறுத்தி, வந்ததும் முக்கால் மணி நேரம் இருட்டு ரூம்ல படுக்க விட்டாங்க. சண்டை நிக்கல, ஆனா பாதிக்கும் கீழ குறைஞ்சுது.

மீதி சண்டைகள்ல, மாத்திரை அளவைக் கூட்டின வாரத்துல ஒரு ஏற்றம் தெரிஞ்சுது. அந்தத் தாள்களை நரம்பியல் டாக்டர்கிட்ட கொடுத்தாங்க. அவர் பார்த்துட்டு மருந்தைப் படிப்படியா மாத்தினார். இதை அழுத்திச் சொல்றேன்: மருந்தால கோபம் வருதுன்னு தோணினா நீங்களே நிறுத்திடாதீங்க. வலிப்பு மருந்தைத் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும். ஸ்டீராய்டைத் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தாகலாம். எழுதுங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க, அவர் முடிவெடுக்கட்டும்.

விதி எத்தனை வேணும்?

'நோய்னால செய்யறான்'னு தெரிஞ்சதும் அக்கா எல்லா விதியையும் எடுத்துட்டா. அதுல மாட்டிக்கிட்டது ஒன்பது வயசு தங்கச்சி. ஒரு நாள் அவளை அறைஞ்சிட்டான். "அண்ணனுக்கு உடம்பு சரியில்லடா கண்ணு"ன்னு அவளைத்தான் சமாதானப்படுத்தினாங்க. அன்னிக்கு ராத்திரி அவ, "எனக்கு எப்போ உடம்பு சரியில்லாமப் போகும்?"னு கேட்டிருக்கா. அதுக்கப்புறம்தான் வீட்ல எல்லாரும் உட்கார்ந்து பேசினோம்.

அவங்களைப் பார்த்த மருத்துவ உளவியலாளர் சொன்ன வழி இது. விதி கம்மியா இருக்கட்டும், ஆனா அசையக் கூடாது. எங்க வீட்ல ரெண்டே ரெண்டு: யாரையும் அடிக்கக் கூடாது, கோபம் வந்தா மொட்டை மாடிக்குப் போகலாம், யாரும் பின்னாடி வரமாட்டோம். கோபத்துல இருக்கும்போது அறிவுரை கிடையாது. அந்த நேரத்துல காதுல ஏறாது. அடங்கினப்புறம், தப்பு பண்ணியிருந்தா அவனே போய் சரி பண்ணணும். தங்கச்சிகிட்ட அவன்தான் பேசணும், அம்மா அவன் சார்பா மன்னிப்பு கேக்கக் கூடாது. வேலை சொல்றப்போ ஒரு நேரத்துல ஒண்ணு. "குளிச்சுட்டு, யூனிஃபார்ம் எடுத்து வெச்சுட்டு, பேக் அடுக்கு"ன்னு மூணு சொன்னா மூணும் நடக்காது, சண்டை மட்டும் நடக்கும்.

மொட்டை மாடியில ஒரு தடவை என்கிட்ட சொன்னான்: "மாமா, மத்தவங்களுக்குக் கோவம் வர்றதுக்கு முன்னாடி தெரியுமா? எனக்கு வந்தப்புறம்தான் தெரியுது." அந்த 'முன்னாடி'யைப் பிடிக்கறதுக்குத்தான் இப்போ பயிற்சி நடக்குது. தாடை இறுகுதா, காது சூடாகுதான்னு அவனே கவனிக்கறான். சில நாள் பிடிச்சுடறான்.

ஸ்கூல்

ஸ்கூல்ல இருந்து "டிசி வாங்கிக்கங்க"ங்கற மாதிரி பேச்சு வந்துச்சு. வாய்ப் பேச்சுக்கு வாய்ப் பேச்சு பதில் சொல்லாதீங்க. நரம்பியல் டாக்டர்கிட்ட ஒரு கடிதம் வாங்குங்க. என்ன நோய், எதெல்லாம் கஷ்டம், என்ன உதவி வேணும்னு ஒரே பக்கத்துல. எங்களுக்கு மூணு விஷயம் கேட்டோம்: மதியம் கொஞ்ச நேரம் ஓய்வு, கரும்பலகையில எழுதறதை நகலா தர்றது, டெஸ்ட்ல கூடுதல் நேரம். முதல் ரெண்டும் கிடைச்சுது. பொதுத் தேர்வுல சலுகை வேணும்னா சான்றிதழ் தேவைப்படும், அந்த வேலையை வருஷ ஆரம்பத்துலயே தொடங்கணும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை பாதிப்புகள் இருக்கு, நாள்பட்ட நரம்பியல் பாதிப்பும் அதுல ஒண்ணு. உங்க பிள்ளை அதுல வருவானான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

எப்போ காத்திருக்கக் கூடாது?

கொஞ்சம் கொஞ்சமா நல்லாகிட்டு வந்த பிள்ளை திடீர்னு ரெண்டு மூணு நாள்ல மாறினா காத்திருக்காதீங்க. ராத்திரி முழுக்கத் தூங்காம இருக்கறது, இல்லாத குரல் கேக்கறது, பேச்சு குழறுறது, வாயோ கையோ தானா அசையறது, வலிப்பு, ரொம்ப நேரம் வெறிச்சுப் பார்க்கறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி. 'சாகணும் போல இருக்கு'ன்னு சொன்னாலும் அப்படித்தான், அதை மிரட்டல்னு ஒதுக்காதீங்க. யார்கிட்ட பேசறதுன்னு தெரியலைன்னா அரசாங்கத்தோட டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்ல, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயும் பேசலாம். இந்த எண் பெற்றோருக்கும்தான். அக்கா ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கா, ரெண்டு தடவையும் தனக்காக.

இப்போ பதினோரு மாசம் ஆச்சு. பழைய பையன் அப்படியே திரும்பி வருவானான்னு அக்கா டாக்டர்கிட்ட கேட்டா. "இன்னும் நல்லாவான். ஆனா நோய் வராம இருந்திருந்தாலும் 14 வயசுப் பையன் 15 வயசுல அதே பையனா இருந்திருக்க மாட்டானேம்மா"ன்னார். அக்கா காலண்டர் தாள்ல எழுதறதை இன்னும் நிறுத்தல. இப்போ அவனும் எழுதறான், அவன் பக்கத்துக் கணக்கை.

உங்க வீட்ல இப்படி ஒரு பிள்ளை இருந்தா, இன்னைக்கு ராத்திரி அந்த நாலு விஷயத்தை எழுத ஆரம்பிங்க. அடுத்த டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்கு அந்தத் தாள்களையும் எடுத்துட்டுப் போங்க. அடுத்த வாரம் வழக்கமான டெக் எபிசோடோட சந்திப்போம்.