மென்பொருள் வெளியீட்டுத் திட்டம்: மதிப்பீடு மாறினால் என்ன செய்வது?

மென்பொருள் ஒன்றைப் பாவனையாளரிடம் வழங்குவது வெளியீடு எனப்படும். எந்த வசதிகள், எத்திகதியில், எத்தனை பேரின் உழைப்பில் வெளிவரும் என முற்கூட்டியே வகுப்பது வெளியீட்டுத் திட்டமாகும். வேலை தொடங்குமுன் செய்யும் மதிப்பீடு ஓர் ஊகமே. வேலை நடக்க நடக்க உண்மை நிலை தெரியவரும். அப்போது திட்டத்தையும் திருத்த வேண்டும்.

உதாரணம்

பாடசாலை நூலகத்துக்கான மென்பொருள் ஒன்றில் நூற்பதிவு, இரவல் வழங்கல், தண்டப்பணம், அறிக்கை என 4 பகுதிகள் உள்ளன எனக் கொள்வோம். ஒரு பகுதிக்கு 15 மனித நாட்கள் வீதம் மொத்தம் 4 × 15 = 60 மனித நாட்கள். 3 பேர் வேலை செய்தால் 20 நாட்கள் தேவை.

10 நாட்கள் கழிந்தன. செலவான உழைப்பு 30 மனித நாட்கள். 2 பகுதிகள் முடிந்திருக்க வேண்டும். ஆனால் சோதித்தலின்போது பல வழுக்கள் வெளிப்பட்டதால் 1 பகுதியே முடிந்தது. இதே வேகத்தில் மீதி 3 பகுதிகளுக்கு 90 மனித நாட்கள், அதாவது மேலும் 30 நாட்கள் வேண்டும். கையிலிருப்பதோ 10 நாட்கள்.

இந்நிலையில் நான்கு வழிகள் தோன்றும்.

1. திகதியைப் பின்போடல்: உபுண்டு பணிசெயல் முறைமையின் பதிப்பு ஒன்று 2006 ஏப்ரலில் வெளிவரவிருந்தது. நீண்டகால ஆதரவு வழங்கப்படவிருந்த பதிப்பாகையால், தரத்தை மேம்படுத்த 6 வாரங்கள் கூடுதலாக எடுத்து, 2006 யூன் 1 இல் வெளியிட்டனர். பதிப்பிலக்கம் ஆண்டையும் மாதத்தையும் குறிப்பதால் அது 6.04 ஆகாமல் 6.06 ஆயிற்று.

2. வசதிகளைக் குறைத்தல்: சில திகதிகளைப் பின்போட முடியாது. வங்காலை புனித ஆனாள் ஆலயத் திருவிழாவுக்குக் கூத்து மேடையேற்றுவோர், ஒத்திகை போதாவிட்டால் காட்சிகளைக் குறைப்பரேயன்றித் திருவிழாவைத் தள்ளிவைக்க மாட்டார்கள். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் இலங்கைத் தொண்டர்கள் உருவாக்கிய 'சகன' மென்பொருளும் இத்தகையதே. காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள் பற்றிய பதிவுகள் உடனே தேவைப்பட்டன. அவசியமானவற்றைச் சில வாரங்களுக்குள் தயாரித்தனர். பின்னர் 2005 இல், வேறு அனர்த்தங்களுக்கும் பயன்படுமாறு அதை மீள எழுதினர். அவ்வாண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் பின்னரும் அது பயன்பட்டது.

3. ஆட்களைக் கூட்டல்: கணித பாடத்தில் ஆட்களை இருமடங்காக்கினால் நாட்கள் பாதியாகும். மென்பொருளாக்கத்தில் அப்படி நடப்பதில்லை. புதியவருக்கு வேலையை விளக்கப் பழையவரின் நேரம் செலவாகும். தாமதமான திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என 1975 இல் பிரெட் புரூக்ஸ் எழுதினார்.

4. சோதித்தலைக் குறைத்தல்: இது தவிர்க்கப்பட வேண்டியது. திகதி காப்பாற்றப்பட்டது போலத் தோன்றினாலும், வழுக்கள் பாவனையாளரிடம் போய்ச் சேரும். இரவல் கொடுத்த நூலின் பதிவு தவறினால், நூலகர் மீண்டும் கொப்பியில் எழுதத் தொடங்கிவிடுவார்.

எனவே முதலில் கேட்க வேண்டியது: திகதியை மாற்றலாமா? மாற்றலாம் எனில் வழி 1. மாற்ற முடியாது எனில் வழி 2. நமது உதாரணத்தில் எஞ்சிய 10 நாட்களில் மேலும் 1 பகுதியே முடியும். ஆகவே நூற்பதிவும் இரவல் வழங்கலும் முதற் பதிப்பிலும், ஏனைய இரண்டும் அடுத்த பதிப்பிலும் வெளிவரும். இம்மாற்றத்தை நூலகருக்கு இன்றே அறிவிக்க வேண்டும். கடைசி நாளில் அறிவித்தால் அவரால் மாற்று ஏற்பாடு செய்ய முடியாது.

பரீட்சைக் குறிப்பு: "திட்டத்தைத் திருத்த வேண்டும்" என்று மட்டும் எழுதினால் விடை நிறைவு பெறாது. எந்த மதிப்பீடு மாறியது, அதற்காக எதை மாற்றுவீர், ஏன் என மூன்றையும் எழுதுக.

பயிற்சி: மேலுள்ள உதாரணத்தில் 10 நாட்களில் 1½ பகுதிகள் முடிந்திருந்தால், மீதி வேலைக்கு எத்தனை நாட்கள் தேவை? (விடை: 16⅔, அதாவது 17 நாட்கள்)